உயர் ஆணையரா, உயர்ஸ்தானிகரா? நாளைக்கு அச்சுக்குப் போகணும்

கோ.புதூர், கல்லூரி ஆசிரியை:
எல்லாருக்கும் வணக்கம். தமிழ் மீடியம் வரலாறு பிள்ளைங்களுக்கு இந்தியா–இலங்கை உறவு பத்தி பாடக்குறிப்பு போடுறோம், நாளை சாயங்காலம் சிம்மக்கல் பிரஸ்ல ஃபைல் குடுத்தாகணும். கொழும்புல நம்ம ஹைகமிஷனர், அதாவது அங்க இந்திய அரசோட பிரதிநிதி, அந்தப் பதவி எப்படி வந்துச்சுன்னு ஒரு பாடம். 1922 குடியேற்றச் சட்டத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்த இந்தியத் தோட்டத் தொழிலாளர் நலனுக்காகக் கண்டியில இந்திய அரசோட ஏஜண்டு, 1943ல பிரதிநிதியா எம்.எஸ்.ஆனே, 1947ல ஹைகமிஷனரா வி.வி.கிரி. இந்தக் கடைசிப் பதவிக்குத் தமிழ் என்ன? "உயர் ஆணையர்"னு வகுப்புல சொன்னேன், ஒரு பையன் எந்திரிச்சு "மாநகராட்சி ஆணையருக்கு மேல உள்ளவரா மேடம்"னு கேட்டான். அவன் கேட்டதுல தப்பே இல்ல.

மேலூர்:
தூதர்னே போடுங்க டீச்சர். வள்ளுவர் ஒரு அதிகாரமே வச்சிருக்காரு, அதுக்கு மேல என்ன வேணும்.

அண்ணாநகர், ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர்:
தம்பி, அங்கதான் வரலாறே போயிருது. தூதர்னா ஒரு நாட்டுத் தலைவர் இன்னொரு நாட்டுத் தலைவருக்கு அனுப்புறவர். 1948ல இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே மன்னர், ஆறாம் ஜார்ஜ். அவரு தனக்கே எப்படித் தூது விடுவாரு? அதனாலதான் வேற பேரு. 1950ல நாம குடியரசு, 1972ல அவங்க குடியரசு, ஆனாலும் காமன்வெல்த்துக்குள்ள (பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் ஆட்சி நாடுகளோட கூட்டமைப்பு) பழைய பேரு அப்படியே நின்னுருச்சு. இதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லியே ஆகணும்.

திருநகர்:
நாங்க இலங்கையில ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துல இருந்து வந்த குடும்பம். அங்க பேப்பர்ல எல்லாம் உயர்ஸ்தானிகர்தான். பதவி இருக்கிற ஊர்ல தமிழன் சொல்ற சொல்லை விட்டுட்டு நாம புதுசா எதுக்குச் செய்யணும்?

மேலூர்:
ஸ்தானிகர்னா மதுரைக்காரனுக்கு மீனாட்சி கோயில் பட்டர்தாங்க ஞாபகம் வருவாரு. வடசொல் வேற.

திருமங்கலம், புலவர்:
வடசொல்லா இருந்தா என்ன, தொல்காப்பியர் "வடவெழுத்து ஒரீஇ"ன்னு, வடவெழுத்தை விட்டுட்டு எழுதுன்னு, வழி காட்டிட்டாரே, தானிகர்னு எழுதிட்டுப் போங்க. ஆனா தானின்னு ஆட்டோவுக்கு ஏற்கனவே ஒரு சொல் புழங்குது, அது இடிக்கும். நான் சொல்றது தானாபதி. விஜயநகர அரசவையில நாயக்கர் சார்பா தங்கியிருந்தவருக்கு அதான் பேரு. அதியமானுக்காக ஔவை தொண்டைமான்கிட்ட போனது தூது, போனா வந்துரணும். அங்கயே வீடெடுத்து உக்காந்து தன் ஆளுக்காகப் பேசுறவன் தானாபதி. கண்டி ஏஜண்டுல இருந்து இன்னைக்கு இருக்கிறவர் வரைக்கும் எல்லாரும் செஞ்சது இந்த வேலைதானே! மலையாளத்துல இன்னைக்கும் ஸ்தானபதின்னா தூதர், நாமதான் தொலைச்சுட்டோம்.

அண்ணாநகர்:
ஐயா, பொருள் அருமையாப் பொருந்துது, மறுக்கல. ஆனா எங்க பிள்ளைங்களுக்குத் தானாபதின்னா பாஞ்சாலங்குறிச்சியில கட்டபொம்மன்கிட்ட இருந்த தானாபதிப் பிள்ளைதான். பரீட்சையில மாத்தி எழுதிட்டு வந்து நிப்பாங்க.

கோ.புதூர்:
மணி பதினொண்ணு ஆச்சு. ஆளுக்கு ஒரு சொல் சொல்றீங்க, நான் வகுப்புல சொன்ன உயர் ஆணையரையே போடுறேன். முதல் இடத்துல "இலங்கை வழக்கில் உயர்ஸ்தானிகர்"னு சேர்த்து, அண்ணாநகர் ஐயா சொன்ன மன்னர் விஷயத்தை ஒரு பத்தியா எழுதிடுறேன்.

திருநகர்:
அடிக்குறிப்புல தள்ளிடாதீங்கம்மா, பாடத்துக்குள்ளயே இருக்கட்டும்.

திருமங்கலம்:
அச்சுக்குப் போகட்டும். எனக்கு உடன்பாடு இல்லைன்னு மட்டும் பதிஞ்சுக்கங்க. கண்டியில இப்ப இருக்கிற அலுவலகத்தை "உதவி உயர் ஆணையம்"னு எழுதப்போறீங்க, உதவியும் உயர்வும் அங்க எப்படி ஒட்டுது? துணைத் தானாபதின்னு ஒருதரம் சொல்லிப் பாருங்க.