மகனுக்கு ஜி6பிடி குறைபாடு: பெற்றோர் இருவரும் நலமாக இருக்க, இது எப்படி வந்தது?

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் எங்களுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது, ஆண் குழந்தை. பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் செய்யும் சோதனையில் அவனுக்கு ஜி6பிடி குறைபாடு, அதாவது இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி ஒன்றின் குறைவு, இருப்பது தெரிந்தது. மஞ்சள் காமாலை கூடுகிறதா என்று பார்ப்பதற்காகச் சில நாள் மருத்துவமனையிலேயே வைத்திருந்து, குறைபாட்டைக் குறிப்பிடும் அட்டை ஒன்றையும் கொடுத்து அனுப்பினார்கள். குழந்தை இப்போது நலம். மூத்தவள் பெண், அவள் பிறந்தபோது செய்த சோதனையில் குறை எதுவும் சொல்லப்படவில்லை. எனக்கோ என் கணவருக்கோ இதுவரை எந்தத் தொல்லையும் இருந்ததில்லை. ஆனால் என் தம்பியிடம் சிறு வயதிலிருந்தே இதே அட்டை உண்டு.

"எங்கள் பரம்பரையில் இப்படி எதுவும் கிடையாது" என்று என் மாமியார் சொல்வது என் மனத்தை உறுத்துகிறது. நலமாக இருக்கும் தாயும் தந்தையும் இதைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியுமா? என் மகள் வழியாகவும் இது தொடருமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். தம்பிக்கு ஒரு மகனும் ஒரு மகளும் இருக்கிறார்கள். மாமன் மகள்தான் உரிமைப் பெண் என்று என் அம்மா இப்போதே பேசத் தொடங்கிவிட்டார். பிள்ளைகள் சிறியவர்கள்தாம், ஆயினும் இந்தப் பேச்சு வேரூன்றுவதற்கு முன் உண்மையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி 1 (செந்தூல், கோலாலம்பூர்)

வணக்கம் சகோதரி. நான் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். தம்பியைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது.

நமக்கு 23 இணை குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வருகிறது. அவற்றுள் 22 இணைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானவை. எஞ்சிய ஓர் இணை மட்டும் பெண்ணுக்கு இரண்டு எக்ஸாகவும், ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யுமாகவும் அமைந்திருக்கும். இரத்தச் சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றச் சிதைவிலிருந்து காக்கும் ஜி6பிடி என்னும் நொதிக்கான மரபணு இந்த எக்ஸில்தான் இருக்கிறது. தந்தை மகனுக்குத் தருவது ஒய். எனவே மகனிடம் உள்ள ஒரே எக்ஸ் தாயிடமிருந்தே வந்தாக வேண்டும். உங்களிடம் உள்ள இரண்டு எக்ஸ்களில் ஒன்றில் அந்த மரபணு மாறியிருக்கிறது. மற்றொன்று சரியாக இருப்பதால் உங்களுக்குத் தொல்லை தெரியவில்லை. மகனுக்கோ ஈடு செய்ய இரண்டாவது எக்ஸ் இல்லை. உங்கள் தம்பிக்கும் இதுவே நடந்தது. ஆகவே அந்த மாற்றம் உங்கள் அம்மாவிடமிருந்து உங்கள் இருவருக்கும் வந்தது என்று கொள்ளலாம்.

உங்கள் மாமியார் சொல்வது அவர்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதில் உங்கள் குற்றம் எள்ளளவும் இல்லை. கருவுக்கு எந்த எக்ஸ் போக வேண்டும் என்று எந்தத் தாயும் தேர்ந்தெடுப்பதில்லை. மலேரியா பரவியிருந்த நிலப்பகுதிகளில் இந்த மாற்றம் பலரிடம் நிலைத்து நின்றதற்குக் காரணம், அந்த நோயின் கடுமையிலிருந்து அது ஓரளவு பாதுகாப்பு அளித்ததுதான் என்று அறிவியலாளர்கள் கருதுகிறார்கள். உலகில் 40 கோடிக்கும் மேற்பட்டோரிடம் இக்குறைபாடு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. இதைக் களங்கம் என்று எவர் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

உங்கள் கணவரிடம் மாற்றம் இல்லை என்று வைத்துக்கொண்டால், இனிப் பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் குறைபாடு வர 50 விழுக்காடு வாய்ப்பு. ஒவ்வொரு பெண் குழந்தையும் உங்களைப் போல் அந்த மரபணுவைச் சுமக்க 50 விழுக்காடு வாய்ப்பு. முதலில் ஒருவனுக்கு வந்துவிட்டதால் அடுத்தவனுக்கு வராது என்ற கணக்கு இதில் செல்லாது. ஒவ்வொரு கருவிலும் தெரிவு புதிதாக நடக்கிறது. கணவரும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. குறைபாடு இருந்தும் ஆயுள் முழுவதும் அறிகுறியே தெரியாமல் வாழும் ஆண்கள் உண்டு. அவருடைய எக்ஸ் மகனுக்குப் போகவில்லை, ஆனால் மகளுக்குப் போயிருக்கிறது.

இனி முறைப்பேச்சு. உங்கள் தம்பியின் மகன் தந்தையிடமிருந்து ஒய்யைத்தான் பெற்றான். எனவே தம்பியின் குறைபாடு அவனுக்குப் போகவே முடியாது. தம்பியின் மகளோ தந்தையின் ஒரே எக்ஸை உறுதியாகப் பெற்றிருக்கிறாள். அவள் அதைச் சுமக்கிறாள் என்பதில் ஐயமில்லை. ஆக, உங்கள் மகள் மாமன் மகனை மணந்தால் தம்பி வழியாக இந்தக் குறைபாட்டின் வாய்ப்பு கூடுவதில்லை. உங்கள் மகன் மாமன் மகளை மணந்தால் நிலைமை வேறு. பிறக்கும் ஆண் குழந்தைகளில் பாதிப் பேருக்குக் குறைபாடு வரலாம். பெண் குழந்தைகள் அனைவருக்கும் தந்தையின் மாறிய எக்ஸ் வருவதால், தாயிடமிருந்தும் அதுவே வந்தால் பெண்ணுக்கும் முழுக் குறைபாடு ஏற்படும். அதற்கான வாய்ப்பும் பாதி. ஒரே வீட்டில் எடுப்பதும் கொடுப்பதும் நம் வழக்கில் ஒன்றாகத் தோன்றினாலும், எக்ஸ் செல்லும் வழியில் அவை ஒன்றல்ல.

மறுமொழி 2 (பட்டர்வொர்த்)

ஆசிரியர் ஐயா தெளிவாக எழுதியிருக்கிறார். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிபவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். "மகளுக்குக் குறை இல்லை" என்ற முடிவை "மகள் மரபணுவைச் சுமக்கவில்லை" என்று படிக்க வேண்டாம், அக்கா. பெண் கரு மிகச் சிறிதாக இருக்கும்போதே ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று செயலிழந்துவிடுகிறது என்பதை 1961இல் மேரி லயன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் முன்வைத்தார். எந்த எக்ஸ் என்பது உயிரணுவுக்கு உயிரணு மாறும். இதனால் மரபணுவைச் சுமக்கும் பெண்ணின் இரத்தத்தில் நல்ல சிவப்பணுக்களும் குறையுள்ள சிவப்பணுக்களும் கலந்தே இருக்கும். நல்லவை மிகுந்திருந்தால், பிறந்தவுடன் செய்யும் ஒளிர்வுச் சோதனை இயல்பு என்றே காட்டும். குறையுள்ளவை மிகுந்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கே தொல்லை வரலாம். நொதியின் அளவை எண்ணிக்கையாகத் தரும் சோதனையோ மரபணுச் சோதனையோ செய்தால்தான் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். சிவப்பணுக்கள் சிதைந்து சிறிது காலமே ஆன நிலையில் எடுக்கும் இரத்தத்தை வைத்தும் முடிவு கட்டக்கூடாது. அப்போது உடலில் புதிய அணுக்கள் மிகுந்திருப்பதால் நொதியின் அளவு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

மகனைப் பொறுத்தவரை, இது மருந்து கொடுத்து மாற்றும் நோயன்று. தவிர்க்க வேண்டியவற்றைத் தவிர்த்தால் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்வான். மூத்த குழந்தையின் துணிகளைப் பாச்சை உருண்டை போட்டு அலமாரியில் வைத்து அடுத்த குழந்தைக்கு எடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த உருண்டையில் உள்ள நாப்தலீன் இவனுக்கு ஆகாது. வீட்டிலேயே வைக்க வேண்டாம். கைக்குழந்தைக்கு மருதாணி பூசுவதையும் சீன மருந்துக் கடைகளில் விற்கும் ஹுவாங் லியான் என்னும் மூலிகையையும் தவிர்த்துவிடுங்கள். காச்சாங் பாராங் என்னும் ஃபாவா அவரை ஆகாது. காச்சாங் பூத்தே என்னும் கலவைக் கடலைப் பொட்டலங்களில் அது பொரித்துக் கலந்திருக்கலாம் என்பதால் பார்த்து வாங்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் நீங்களும் அதை உண்ண வேண்டாம். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் மருந்து எழுதுவதற்கு முன் அட்டையைக் காட்டுங்கள். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனாலோ, குழந்தை திடீரென்று வெளிறினாலோ, மஞ்சள் நிறம் திரும்பினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் மறுமொழியைக் கணவரோடு அமர்ந்து படித்தேன். அவர் சோதனைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். ஒரே ஒரு ஐயம். என் மகள் மாமன் மகனை மணப்பதால் கவலையே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? அம்மாவிடம் சொன்னால் அப்படித்தான் புரிந்துகொள்வார்.

மறுமொழி 3 (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம், சகோதரி. ஆசிரியர் சொன்னது எக்ஸில் உள்ள இந்த ஒரு மரபணுவுக்கு மட்டும் பொருந்தும். மற்ற 22 இணைகளில் உள்ளவை இரு பாலாருக்கும் ஒரே விதமாகச் செல்கின்றன. அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்னும் முறையில் உள்ள இருவர் தங்கள் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருப்பார்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் என்றால் நான்கில் ஒரு பங்கு. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் இந்துக்களின் வழக்கத்தைக் கருதித் தாய்மாமன் திருமணத்துக்கு விலக்கு அளித்திருக்கிறது. ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பது மருத்துவ உறுதிமொழி அன்று.

குறிப்பாகத் தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோயை நினைவில் வையுங்கள். அதற்குரிய மரபணு ஒன்று மட்டும் மாறியிருப்பவர் நலமாகவே இருப்பார். சற்றுச் சோகையாகத் தெரிவதை இரும்புச்சத்துக் குறைவு என்று எண்ணிவிடுவதும் உண்டு. கணவன், மனைவி இருவருமே பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் கடும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு. அத்தகைய குழந்தைக்கு ஆயுள் முழுவதும் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றவும் மருந்து வேண்டும். நம் நாட்டில் 2016 முதல் படிவம் 4 (ஏறத்தாழ 16 வயது) மாணவர்களுக்குப் பள்ளியிலேயே தலசீமியா சோதனை செய்யப்படுகிறது. உங்கள் பிள்ளைகளும் தம்பியின் பிள்ளைகளும் அந்த வயதை எட்டும்போது ஒப்புதல் படிவத்தில் தயங்காமல் கையெழுத்திடுங்கள். முடிவுத் தாளைப் பத்திரமாக வையுங்கள். பெரியவர்கள் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் கேட்டுச் சோதித்துக்கொள்ளலாம்.

அம்மாவிடம் பேசும்போது திருமணத்தை மறுக்கும் பேச்சாகத் தொடங்காமல், தம்பி மகளின் உடல்நலத்திலிருந்து தொடங்குங்கள். அவள் யாரை மணந்தாலும், அவளுக்குப் பிறக்கும் ஆண் குழந்தைக்கு இக்குறைபாடு வர வாய்ப்பு உண்டு என்பது தம்பியின் மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.