கொலம்பஸ் வைக்க இடம் பற்றவில்லை, வரிசையை எங்கே விடுவது? (உதவி, அவசரம்)

பார்க்_பொறுப்பு:
எங்கள் பார்க்குக்குப் புதிதாக கொலம்பஸ் (ஊஞ்சல் மாதிரி ஆடும் பெரிய படகு ரைடு) வருகிறது, கோடை லீவுக்குள் ஓட்டியாக வேண்டும். இடம் 22க்கு 14 மீட்டர், ரைடின் அடி 10க்கு 8. மீதி இடத்தில் வரிசைக் கம்பியை வரைந்து பார்த்தால் எழுபது பேர்கூட நிற்க முடியாது போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு? எப்படி மடக்கினால் அதிகம் பேர் நிற்கலாம், யாராவது சொல்லுங்கள்.

திருச்சி_ஃபிட்டர்:
சார், ஒரு சுற்றுக்கு எத்தனை பேர்? ஏற்றி இறக்குவதையும் சேர்த்து எத்தனை நிமிடம்? சுற்றிலும் என்ன இருக்கிறது, சுவரா, பாதையா, வேறு ரைடா? வரிசையை எந்தப் பக்கம் வரைந்திருக்கிறீர்கள்? இதெல்லாம் தெரியாமல் மடக்குவதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

ரயில்பூச்சி:
வரிசை ரைடுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் 1967ல் பைரேட்ஸ் என்ற படகு ரைடு கட்டியபோது உள்ளே இடமில்லாமல் பெரிய கட்டடத்தை பார்க்கைச் சுற்றி ஓடும் ரயிலின் பாதைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள், படகு இரண்டு சறுக்கில் கீழே இறங்குவதே அந்தப் பாதைக்கு அடியில் போகத்தான். 1969ல் அங்கேயே வந்த ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் வீட்டில் அறை நீண்டுகொண்டே போவது போல் இருக்குமே, அது உண்மையில் ஆட்களைக் கீழே இறக்கும் லிஃப்ட், அதுவும் ரயில் பாதையைத் தாண்டத்தான். நீங்களும் வரிசையைக் காம்பவுண்டு ஓரமாகத் தூரத்திலிருந்து கொண்டுவாருங்கள், வழியில் படம், பொம்மை எல்லாம் வைத்தால் நிற்பதே தெரியாது.

மூத்த_ஆபரேட்டர்:
ரயில்பூச்சி, அவர் கேட்டது 22 மீட்டர் இடத்துக்கு. டிஸ்னி கதை எல்லா இழையிலும் வந்துவிடுகிறது. பொறுப்பாளருக்குச் சொல்கிறேன்: இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் ரைடு வாங்க வேண்டும். இந்தத் தொழிலின் அரிச்சுவடி இது, இங்கே பல முறை எழுதிவிட்டேன், பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். ரைடு பாதுகாப்புக்கு ஐஎஸ் 15475 என்று ஓர் இந்தியத் தரநிர்ணயம் இருப்பதாவது தெரியுமா?

கோவை_வாணி:
அண்ணா, திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், அவர் அவசரத்தில் இருக்கிறார்.

பார்க்_பொறுப்பு:
40 சீட். ஒரு சுற்று 5 நிமிடம், எல்லாம் சேர்த்து. வடக்கே சுவர், தெற்கே நடைபாதை. வரிசை கிழக்கிலும் மேற்கிலும், பக்கத்துக்கு 6 மீட்டர் வருகிறது.

திருச்சி_ஃபிட்டர்:
படகு கிழக்கு மேற்காகத்தானே ஆடுகிறது? அப்படியானால் அந்த வரைபடத்தை உடனே நிறுத்துங்கள். நீங்கள் சொன்ன 10 மீட்டர் அடித்தளத்தின் அளவு, ஆடும்போது படகின் மூக்கு அதற்கு வெளியே வெகுதூரம் வரும். மேலே இருக்கும் அச்சிலிருந்து மூக்கு வரை நேர்கோட்டில் அளந்து இரண்டால் பெருக்குங்கள், அதுதான் படகு கேட்கும் நீளம். அச்சிலிருந்து படகின் நடுப்பகுதி ஏழரை மீட்டர் கீழே, படகின் பாதி நீளம் 5 மீட்டர் என்று வைத்தால் மூக்கு சுமார் 9 மீட்டரில் சுற்றும், இரண்டு பக்கமும் சேர்த்து 18. உங்கள் 22ல் மிச்சம் பக்கத்துக்கு 2 மீட்டர், அது வேலிக்கே சரியாகிவிடும். வரிசையை நீங்கள் போட்டிருப்பது மூக்குக்கு நேர் கீழே.

ரயில்பூச்சி:
மூக்கு அங்கே வரும்போது நல்ல உயரத்தில்தானே இருக்கும், கீழே ஆள் நின்றால் என்ன?

திருச்சி_ஃபிட்டர்:
உச்சியில் உயரம்தான், போகிற வழியில் தாழ்ந்துதான் வருகிறது. கொலம்பஸில் செல்போன், செருப்பு, சாவிக்கொத்து விழாத நாளே கிடையாது, பாதிப் பேருக்கு வாந்தியும் வரும். அங்கே குழந்தையோடு ஒருவரையும் நிறுத்தக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

இனி கணக்கு. 5 நிமிடத்துக்கு 40 பேர் என்றால் மணிக்கு 480. இருபது நிமிடக் காத்திருப்பு என்று வைத்தால் வரிசையில் 160 பேர். ஒரு மீட்டர் அகலப் பாதையில் இருவர் இருவராக நின்றால் மீட்டருக்கு மூன்று பேர், ஆக 54 மீட்டர் பாதை வேண்டும். ரைடை வடக்கே தள்ளி, சுவருக்கும் அதற்கும் நடுவே பராமரிப்புக்கு 1 மீட்டர் விடுங்கள், தெற்கே 5 மீட்டர் கிடைக்கும். அதில் வேலி போக நான்கு மடிப்பு, ஒவ்வொன்றும் 14 மீட்டர். 56 மீட்டர் வந்துவிட்டது. நடுவில் ஓர் அவசர வாசல் கட்டாயம்.

கோவை_வாணி:
இவ்வளவு கம்பி எதற்கு? திருப்பதி மாதிரி நேரம் போட்ட டோக்கன் கொடுத்துவிட்டால் வரிசையே வேண்டாமே. அந்த நேரத்தில் அவர்கள் போண்டா, ஐஸ்கிரீம் வாங்குவார்கள்.

மூத்த_ஆபரேட்டர்:
திருப்பதியில் டோக்கனோடு வைகுண்டம் வரிசை வளாகமும் இருக்கிறது, அறை அறையாக உட்கார வைக்கிறார்கள். டோக்கன் ஆளைக் குறைக்காது, இடத்தைத்தான் மாற்றும். டிஸ்னியே 1999ல் ஃபாஸ்ட்பாஸ் என்று நேரம் போட்ட சீட்டு கொண்டுவந்த பிறகும் கம்பி வரிசையை எடுக்கவில்லை. சின்னப் பார்க்கில் 160 பேரை வெளியே விட்டால் அடுத்த ரைடு வாசலில் போய் நிற்பார்கள்.

கோவை_வாணி:
வெயிலில் இருபது நிமிடம் கைக்குழந்தையோடு நிற்கிற அம்மாவைப் பற்றித்தான் பேசுகிறேன். திருப்பதியில் உட்கார வைக்கிறார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். இங்கே உட்காரத் திண்ணையாவது, மேலே ஷீட்டாவது உண்டா?

மூத்த_ஆபரேட்டர்:
ஷீட் போடுவதை யார் வேண்டாம் என்றது? நான் சொன்னது டோக்கனைப் பற்றி.

ரயில்பூச்சி:
டோக்கனைச் சாதாரண நாளில் விட்டுவிட்டு ஞாயிறு மட்டும் கொடுக்கலாமே. ஸ்டாக்ஹோமில் குரோனா லுண்ட் என்று ஒரு பார்க், கைக்குட்டை அளவு இடத்தில் ஒரு ரோலர் கோஸ்டர்மேல் இன்னொன்று ஏறி இறங்கும்...

கோவை_வாணி:
மறுபடியும் வெளிநாடா. பொறுப்பாளர் சார், ஷீட் போடும்போது உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், படகு பக்கவாட்டில் வராது என்றாலும் கீழே விழும் பொருளுக்காகவாவது கெட்டியாகப் போடுங்கள்.

பார்க்_பொறுப்பு:
கம்பெனி வரைபடத்தில் அச்சிலிருந்து மூக்கு 9.1. வரிசையைத் தெற்கே மாற்றச் சொல்லிவிட்டேன், நாளை சுண்ணாம்புக் கோடு போடுகிறோம். ஷீட்டும் உண்டு. நன்றி.

திருச்சி_ஃபிட்டர்:
சார், இறங்குகிறவர்களை எந்தப் பக்கம் விடுகிறீர்கள்? வடக்கே இறக்கினால் சுவர் ஓரமாக வந்து மூக்குக்கு அடியில்தான் சுற்றி வரவேண்டும், கடைசி ஆள் வெளியேறும்வரை அடுத்த சுற்றைத் தொடங்க முடியாது, உங்கள் 5 நிமிடம் 7 ஆகிவிடும். தெற்கிலேயே மேடையின் ஒரு முனையில் ஏற்றி மறு முனையில் இறக்குங்கள், அதற்கு 1.2 மீட்டர் தனிப் பாதை வேண்டும், கடைசி மடிப்பை அந்த அளவுக்குக் குறைத்துக் கோடு போடுங்கள். பார்த்தீர்களா?