பாலோங் தாத்தாவுக்கு 10 ஏக்கர், எங்கள் அப்பாவுக்கு ஏன் இல்லை?

பகாவ் தையல்கடை அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் நெகிரி செம்பிலான் பகாவில் இருக்கிறேன். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் முன்பக்கத்தில் சின்னத் தையல் கடை. அப்பாவுக்கு 80 வயது. பகாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, 14 வயதில் பால் சுமக்கும் காண்டா வாளி தூக்கியவர். முதலில் கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டினார். கித்தா மரத்தைச் சாய்த்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட பிறகு குலை வெட்டினார். 55 வயதில் வேலை முடிந்தது, லயத்து வீட்டையும் (தோட்டத்து வரிசை வீடு) காலி செய்யச் சொன்னார்கள். ஊழியர் சேமநிதியில் வந்த காசைப் போட்டுத்தான் இப்போது இருக்கும் மலிவு விலை வீட்டை வாங்கினோம்.

என் மகன் ஆறாம் படிவம் படிக்கிறான். கூடப் படிக்கும் மலாய் நண்பன் பெல்டா (அரசாங்க நிலக் குடியேற்றத் திட்டம்) பாலோங்கில் இருக்கிறான். நல்ல பையன், என் கையால் தோசை சாப்பிட்டிருக்கிறான். போன வாரம் என் மகன் அவன் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்து கேட்டான்: "அம்மா, அவன் தாத்தாவுக்கும் நம் தாத்தாவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ரெண்டு பேரும் தோட்டத்தில்தான் உழைத்திருக்கிறார்கள். அவருக்கு 10 ஏக்கர் இருக்கிறது, சொந்த வீடு, சுற்றிலும் ரம்புத்தான் மரம். நம் தாத்தா அப்போதே கொஞ்சம் யோசித்திருந்தால் நமக்கும் இருந்திருக்குமே?"

அப்பா ஹாலில்தான் உட்கார்ந்திருந்தார். டிவி சத்தத்தைக் குறைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி சோற்றில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மகனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் மூன்றாம் படிவத்தோடு நின்றவள். அப்பா சோம்பேறி இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) ஒருநாள் பிந்திப் போனவர் இல்லை. அப்படியென்றால் யார் முடிவு செய்தது இதை? அரசாங்கமா, கம்பெனியா, நம் ஆட்களின் புத்தியா? 18 வயதுப் பையனுக்குப் படித்துக் காட்டுகிற மாதிரி யாராவது எழுதுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: இன்னொரு இனத்தைத் திட்டி எழுத வேண்டாம். என் மகனுக்கு அவன் நண்பன் வேண்டும்.

பழைய கிராணி:

தங்கச்சி, நான் 30 வருடத்துக்கு மேல் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் (ஆள் வருகை, சம்பளப் பதிவேடு) எழுதியவன். உங்கள் அப்பாவைப் போல நூறு பேரின் சம்பளம் என் பேனா வழியாகப் போயிருக்கிறது. அதனால் சம்பளத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அது மாதச் சம்பளமே இல்லை, நாள் கூலி. காலையில் மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, அன்றைய பேர் போடவும் (கூலி எழுதவும்) முடியாது. நவம்பர், டிசம்பரில் சிலர் பெயருக்கு நேராக 12 நாள், 13 நாள் என்று எழுதியது இன்னமும் என் கண்ணில் நிற்கிறது. அந்த மாதம் அரிசி சீனன் கடையில் கடன். கடைக்காரர் கையில் ஒரு 555 கடன் கணக்கு நோட்டு, தொழிலாளி கையில் ஒரு 555 நோட்டு. சம்பளத் தேதியன்று இரண்டையும் ஒப்பிட்டுக் கழித்துவிட்டுத்தான் மீதி வீட்டுக்குப் போகும். இதில் நிலம் வாங்க எங்கிருந்து எடுப்பது? நம் நாட்டில் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்ததே 2013 ஜனவரியில்தான், தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி (ரிங்கிட்). உங்கள் அப்பா அதற்குள் வேலையை விட்டே பல வருடம் ஆகியிருக்கும்.

அப்புறம் வீடு. லயம் வேலையோடு சேர்ந்தது. வேலையை விட்டால் வீடும் போகும், பிள்ளையின் பள்ளியும் போகும், பிள்ளை பார்க்கும் ஆயாக் கொட்டகையும் போகும். "வெளியே போய்ப் பிழைத்திருக்கலாமே" என்று இன்றைக்குச் சொல்வது சுலபம். ஒரு ஆள் வெளியே போவதென்றால் குடும்பமே ஒரே நாளில் தெருவில் நிற்க வேண்டும். வெள்ளைக்காரக் கம்பெனி இதைத் தெரியாமல் செய்யவில்லை. ஆள் ஓடிப் போகாமல் இருக்க அதைவிட நல்ல வேலி இல்லை.

நம் ஆட்கள் நிலம் வாங்க யோசிக்கவே இல்லை என்பதும் தப்பு. சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் வெள்ளைக்காரர்கள் பல தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டான தோட்டத்தில் பழைய ஆட்களுக்கு வேலை இல்லை. எங்கள் அப்பா இதைத் 'தோட்டத் துண்டாடல்' என்பார், அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் 1960இல் அப்போதைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய் ஆளுக்கு மாதம் 10 வெள்ளி கேட்டார். முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம். நாள் கூலிக்காரர்களின் பத்துப் பத்து வெள்ளியில் தோட்டங்கள் வாங்கப்பட்டன என்பதை உங்கள் மகனுக்கு அழுத்திச் சொல்லுங்கள். அப்பாவிடமும் கேளுங்கள், அவரே கட்டியிருக்கலாம்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1981 செப்டம்பரில் பெர்மோடாலான் நேசியோனால் என்ற அரசாங்க முதலீட்டு நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப் பொழுதில் குத்ரி என்ற வெள்ளைக்காரத் தோட்டக் கம்பெனியைக் கைக்குக் கொண்டுவந்தது. பெரிய செய்தி. நான் வேலை செய்த தோட்டம் அந்தக் கம்பெனியைச் சேர்ந்தது இல்லை என்றாலும், நாங்கள் எல்லாரும் ரேடியோவைச் சுற்றி நின்றோம். வெள்ளைக்காரன் கையில் இருந்தது நாட்டின் கைக்கு வருகிறது என்ற பெருமை எனக்கும் இருந்தது, இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பங்கு யார் பெயருக்குப் போகிறது என்ற பேச்சு நடந்த இடத்தில், மரத்தடியில் நிற்கிறவனுக்கு ஒரு பங்கு என்று கேட்க ஆள் இல்லை.

குலை லாரி:

அக்கா, நான் பாலோங், செர்த்திங் பக்கம் குலை ஏற்றுகிறேன். பெல்டாக்காரர்களோடு தினமும் டீ குடிக்கிறவன். அவர்களுக்கும் சும்மா கிடைக்கவில்லை என்பதை மகனிடம் சொல்லுங்கள். பழைய ஆட்கள் சொல்வார்கள், வந்தபோது சுற்றிலும் காடு, நிலத்துக்கும் வீட்டுக்கும் ஆன செலவை வருடக்கணக்கில் வருமானத்தில் பிடித்தார்கள் என்று.

ஆனாலும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. 1956இல் பெல்டாவை அமைத்தபோது, நிலமில்லாத கிராமத்து ஆளுக்கு நிலம் கொடு, கடனைக் கழிக்க வழி கொடு, கடைசியில் அவன் பெயருக்கே ஆகட்டும் என்று அரசாங்கம் நினைத்தது. பகாங்கில் லூரா பிலுட் என்ற ஆரம்பகாலத் திட்டத்தில் சீனர்களும் இந்தியர்களும்கூட இருந்தார்கள். பிறகு வந்த திட்டங்களில் குடியேறியவர்கள் பெரும்பாலும் மலாய்க்காரர்கள். தோட்டத்து ஆள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. அவன் கம்பெனியின் ஆள், கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். தோட்டம் தனியார் நிலம், அதனால் கிராம மேம்பாட்டுக் காசும் உள்ளே வராது. லாரி ஓட்டுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும்: தார் ரோடு தோட்ட வாசல்வரை வந்து நிற்கும். அதற்கு மேல் செம்மண்.

பல தமிழ்ப்பள்ளிகள் இன்னமும் அரசாங்கத்தின் பகுதி உதவி மட்டும் பெறும் பள்ளிகளாக இருப்பதற்கும் இதுதான் காரணம். நிலம் பள்ளிக்குச் சொந்தம் இல்லை.

கோலப்பிலா டீச்சர்:

அக்கா, மேலே ஐயாவும் அண்ணனும் எழுதியதை ஏற்கிறேன். ஆனால் "நம் ஆட்களின் புத்தியா" என்று நீங்கள் கேட்டதை இரண்டு பேரும் தொடவில்லை. அதைத் தாண்டிப் போகக்கூடாது என்று நினைக்கிறேன்.

அரசாங்கமும் கம்பெனியும் மட்டும் மனிதனை அமுக்குவதில்லை. கங்காணி தன் ஊரிலிருந்து ஆள் கொண்டுவந்தபோது சாதியும் கப்பலேறி வந்தது. எந்த லயத்தில் யார், கோயிலில் யார் எங்கே நிற்பது என்பதெல்லாம் அதோடு வந்தது. தோட்டத்துக்கு உள்ளேயே கள்ளுக்கடை வைத்தார்கள், சம்பளம் அங்கேயே திரும்பிப் போனது. என் பாட்டி இதைச் சொல்லும்போது கள்ளுக்கடை என்று சொல்ல மாட்டார், 'அந்த இடம்' என்பார்.

ஆனால் அதை எதிர்த்த எண்ணங்களும் வெளியிலிருந்து வந்தன, இங்கேயே முளைத்தன. பெரியார் 1929இல் மலாயா வந்தார், மறுபடி 1954இல் வந்தார். போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது. எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது 1941 கிள்ளான் வேலைநிறுத்தம். கூலி உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், கூடவே ஒன்று கேட்டார்கள்: துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம். படையைக் கொண்டுவந்து சுட்டார்கள், தொழிலாளர்கள் செத்தார்கள். சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமைக்கு உயிர் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம், உங்கள் தாத்தா யோசிக்கவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது.

என் மாணவர்களிடம் நான் சொல்வது, நிலம் கைக்கு வர மூன்று வேண்டும்: காசு, சட்டத்தில் ஒரு பெயர், எனக்கும் உண்டு என்ற எண்ணம். மூன்றாவதை நம் ஆட்கள் தாங்களாகவே அடைந்தார்கள். முதல் இரண்டும் வேறு மேசைகளில் இருந்தன. அக்கா, உங்கள் தாத்தா, அப்பாவின் ஐசி (அடையாள அட்டை) அந்தக் காலத்தில் என்ன நிறம்? நீலம் குடிமக்களுக்கு, சிவப்பு குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கு. முடிந்தால் கேட்டுப் பாருங்கள்.

பகாவ் தையல்கடை அக்கா:

எழுதிய எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தேன். மகனும் இருந்தான், அப்பாவும் இருந்தார். டீச்சர் எழுதிய சைக்கிள் விஷயம் வந்ததும் அப்பா கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி, அதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

ஐசி பற்றிக் கேட்டேன். அப்பாவுக்கு நீலம், பெரியப்பாவுக்குச் சிவப்பு. இரண்டு பேரும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள்தான். பெரியப்பாவின் சூராட் பெராநாக் (பிறப்புப் பத்திரம்) தொலைந்துபோயிருந்தது, எழுதப் படிக்கத் தெரியாததால் மனுப் போடவும் இல்லை. 1969 கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது அவருக்குக் கிடைக்கவில்லை. மனைவி, மூன்று பிள்ளைகளோடு இந்தியாவுக்குப் போகும் ரஜுலா கப்பலில் ஏறிவிட்டார். எனக்குப் பெரியப்பா ஒருவர் இருந்தார் என்று தெரியும், ஏன் போனார் என்று 52 வயதில் நேற்றுத்தான் கேட்கிறேன். அப்பாவும் இத்தனை வருடம் சொன்னதில்லை.

கிராணி ஐயா, நீங்கள் சொன்னது சரி. அப்பா 10 வெள்ளி கட்டியிருக்கிறார். ஏழு மாதம். எட்டாவது மாதம் மழை, பால் வெட்டு இல்லை, பாட்டிக்கு வைத்தியச் செலவு, நின்றுவிட்டது. "ஏழு மாசம் கட்டினேன்யா" என்று என் மகனைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்த்து இல்லை.

மகன் எழுந்து போய் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டான். லாரி அண்ணன் எழுதியதைப் பற்றி அவன் ஒரு கேள்வி கேட்டான்: அந்தத் தார் ரோடு நின்ற இடம் தாத்தாவுக்குத் தெரியுமா என்று. தெரியுமாம். சனிக்கிழமை பாலோங் பையனும் வருகிறான். மூன்று பேரும் அவன் காரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். லயங்களை இடித்தாயிற்று, கோயில் மட்டும் இருக்கிறது. அப்பா இப்போதே சட்டையை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார், ஒரு பட்டன் தைக்க வேண்டும்.