பிளெண்டிங் பிரஷ்ஷுக்குத் தமிழ்ச் சொல்: புதன் இரவுக்குள் வேண்டும்

திங்கள் காலை. அழகுக்கலை ஆசிரியை, திருச்சி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பெண்களுக்கான தொழிற்பயிற்சி வகுப்பில் ஒப்பனை சொல்லிக்கொடுக்கிறேன். 18 பேர் படிக்கிறார்கள், பலரும் பத்தாம் வகுப்போடு நின்றவர்கள். கையேட்டைத் தமிழில் நானே எழுதுகிறேன். கண் ஒப்பனைப் பாடம் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது.

பழைய கையேட்டில் "இரண்டு நிறங்களையும் நன்றாகக் கலக்கவும்" என்று ஒரு வரி இருந்தது. போன வாரம் ஒரு மாணவி அதை எழுத்துப் பிசகாமல் செய்தாள். மெரூன் பொடியையும் தங்கநிறப் பொடியையும் டப்பா மூடியில் சுரண்டிப் போட்டு, பிரஷ் காம்பால் கலக்கினாள். சேற்று நிறத்தில் ஒரு பொடி வந்தது. "கலக்கிட்டேன் மிஸ்" என்று கொண்டுவந்து காட்டினாள். தப்பு அவளுடையது இல்லை, அந்த வரியுடையது.

பிளெண்ட் செய்வது என்றால் இரண்டு நிறமும் இமையில் தனித்தனியாகவே இருக்கும். அவை சந்திக்கிற இடத்தில் கோடு மட்டும் தெரியக்கூடாது. அதற்கென்று தனி பிரஷ் உண்டு. நீள முடி, தளர்வான கட்டு, தலை உருண்டையாக நுனி நோக்கிக் குறுகி இருக்கும். பொடியை இமையில் வைக்கிற பிரஷ் இதற்கு நேர் எதிர்: தட்டை, குட்டை முடி, நெருக்கமான கட்டு. இமை மடிப்பில் அடர்நிறம் வைக்க இன்னும் சின்னதாகக் கூர்முனை பிரஷ் ஒன்று. கோடு இழுக்கச் சாய்வாக வெட்டியது ஒன்று. கடைசி இரண்டுக்கும் "கூர்முனை", "சாய்முனை" போதும் என்று நினைக்கிறேன். முதல் இரண்டுக்கும்தான் சொல் இல்லை. முடியைக் காம்போடு சேர்த்துப் பிடிக்கிற உலோக வளையத்துக்கும் வேண்டும்.

திங்கள் மதியம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அன்புள்ள அம்மா,

கண்ணுக்கு மை இடுவதற்கு நம் முன்னோர் ஆண்ட வினை "எழுது" என்பது. "எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்" என்கிறது குறள் (1285). கண்ணுக்கு மை எழுதும்போது கோல் நெருங்கி வர வர, அந்தக் கண்ணுக்கே அது தெரியாமல் போகிறது. தினமும் கண்ணாடி முன் நிற்கிறவர்கள் அறிந்த உண்மை. தோளில் எழுதிய கோலம் தொய்யில், கண்ணில் எழுதியது மை. ஆகவே "பூசு" வேண்டாம். சுவருக்குத்தான் பூச்சு.

அடுத்து, தூரிகை. இது வடமொழித் தூலிகையின் திரிபு என்பார் உளர். நமக்குத் துகிலிகை என்ற சொல் இருக்கிறது. நற்றிணை 118-இல், ஓவியர்கள் அரக்குச் சாயம் தோய்த்த "துகிலிகை அன்ன துய்த்தலைப் பாதிரி" வருகிறது. துய் என்றால் பஞ்சு போன்ற மெல்லிய நார். நீங்கள் சொல்லும் உருண்டையான மென்தலைத் தூரிகையைத்தான் அந்தப் புலவர் பாதிரிப் பூவில் கண்டிருக்கிறார். துய்த்துகிலிகை என்றே வைத்துக்கொள்ளலாம். துகிலிகை துகிலிலிருந்து வந்தது என்பது என் கருத்து. துணியை முறுக்கி நுனி பிரித்ததே முதல் தூரிகையாக இருந்திருக்க வேண்டும். இதைப் பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

திங்கள் மாலை. மொழிபெயர்ப்பாளர், சென்னை

ஐயா, பாதிரிப் பூ உவமை மனதில் நின்றுவிட்டது. நன்றி. ஆனால் துய்த்துகிலிகை வேண்டாம். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், மூன்று முறையும் இடறியது. கையில் மெரூன் பொடியோடு, எதிரே கல்யாணப் பெண்ணை உட்கார வைத்துக்கொண்டு, உதவியாளரிடம் ஒரு பொருளைக் கேட்கிற சொல் இது. இரண்டு அசையில் முடிய வேண்டும்.

பிரஷ் என்பதை விட்டுவிடுவோம். பல் தேய்க்கிற காலத்திலிருந்து அது நம் சொல். வினையை மட்டும் தமிழில் சரியாகச் சொன்னால் அந்த மாணவிக்கு நேர்ந்த குழப்பம் தீரும். "கலக்கு" கூடாது என்பதில் எல்லோருக்கும் உடன்பாடுதானே? "குழை" எப்படி?

திங்கள் இரவு. ஆசிரியை, திருச்சி

குழைப்பது என்றால் எங்கள் பிள்ளைகள் சந்தனம் குழைப்பதை நினைப்பார்கள் அக்கா. உள்ளங்கையில் தண்ணீர் விட்டுவிடுவார்கள். பொடியில் ஈரம் பட்டால் திட்டுத்திட்டாகிவிடும்.

செவ்வாய் காலை. ஓவியர், கும்பகோணம்

நான் ஒப்பனைக்காரன் இல்லை. 30 வருடமாகப் பிரஷ் பிடிக்கிறவன், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பட்டறையில் இதற்குச் சொல் இருக்கிறது. நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே கோடு தெரிந்தால், "ஓரத்தைக் கரைடா" என்பார் என் குரு. பெயிண்ட் படாத சுத்தமான பிரஷ்ஷை எடுத்து, காம்பின் கடைசியில் இரண்டு விரலால் பிடித்து, ஓரத்தின் மேல் தொட்டும் தொடாமலும் அசைப்போம். முடிக்குப் பக்கத்தில் பிடித்தால் கை கனம் முழுக்க இறங்கிவிடும். கண் இமையிலும் இதே முறைதான் என்று நினைக்கிறேன், தங்கச்சி சொல்லட்டும்.

அப்புறம், பிரஷ் தேர்வு பற்றிப் பாடத்தில் இருந்தால் ஒரு விஷயம் சேருங்கள். விலங்கு முடியைச் சுற்றி மீன் செதில் மாதிரி நுண்ணிய அடுக்கு இருக்கும். ஆட்டு முடி, அணில் முடி எல்லாம் பொடியை அதில் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். நைலான் இழை வழவழப்பானது. கிரீம் வகைகளுக்கு அதுதான் நல்லது, கழுவுவதும் எளிது. இப்போது இழையிலும் நுனியைச் சீவி, வளைத்துப் பொடிக்கு ஏற்றபடி செய்கிறார்கள். கீரி முடி பிரஷ் என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம் என்று தனியாக எழுதுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி காக்கப்பட்ட விலங்கு. ஒரு காலத்தில் எங்கள் தொழிலில் அது ஓடியது என்பதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஜப்பானில் ஹிரோஷிமா பக்கம் குமனோ என்று ஓர் ஊர். எழுத்துத் தூரிகைக்குப் பேர்போனது, இன்று ஒப்பனைத் தூரிகையும் அங்கேதான். முடியின் நுனியை வெட்டி வடிவம் கொடுப்பதில்லை. சிறு கிண்ணம் போன்ற அச்சில் முடியை இறக்கி, நுனி நுனியாகவே இருக்கும்படி அடுக்கிக் கட்டுகிறார்கள். வெட்டிய முடி குத்தும், வெட்டாதது குத்தாது. 2011-இல் மகளிர் கால்பந்து உலகக் கோப்பையை வென்ற அணிக்கு ஜப்பான் அரசு கொடுத்த பரிசு குமனோ ஒப்பனைத் தூரிகைகள். அவர்கள் மொழியில் எழுதுகிற தூரிகைக்கும் முகத்துக்கான தூரிகைக்கும் சொல் ஒன்றுதான்: ஃபுதே. புலவர் ஐயா சொன்ன "எழுது" அங்கேயும் இருக்கிறது.

செவ்வாய் காலை. தமிழாசிரியர், தஞ்சாவூர்

கரைத்தல்! ஓவியர் வாயில் சர்க்கரை. கரை என்றால் விளிம்பு: ஆற்றங்கரை, சேலைக்கரை. கரை என்றால் இல்லாமல் ஆக்கு. கரையைக் கரைப்பது எதுவோ அது கரைதூரிகை. வினைத்தொகை என்பதால் வலி மிகாது. கரைத்தூரிகை என்று ஒற்றுப் போட்டால் சேலைக்கு ஓரம் தீட்டும் தூரிகை என்று பொருள் மாறிவிடும். அச்சகத்தாரிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள்.

அதே முறையில், தட்டைத் தூரிகைக்கு ஒற்றுதூரிகை. தேய்க்காமல் ஒற்றி வைப்பதுதானே அதன் வேலை? திருநீற்றைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, அந்த ஒற்றுதல்.

செவ்வாய் மதியம். மொழிபெயர்ப்பாளர், சென்னை

ஒற்றுதூரிகை மிக நன்று. தட்டிப் பொருத்துகிற கை அசைவு அப்படியே சொல்லில் வந்துவிட்டது.

கரைதூரிகையில் எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, கரைதல் தன்வினை. தானே கரைந்து போகிற தூரிகை என்று ஒருவர் படிக்கலாம். இரண்டு, பொருள் முழுவதும் ஒரே ஒரு த் மேல் நிற்கிறது. கரும்பலகையிலிருந்து நோட்டில் எழுதும்போது அந்த த் எங்காவது நுழையும். படிக்கிறவர் இலக்கணம் தெரிந்தவராக இருந்தால்தான் சொல் விளங்கும் என்றால், அது கையேட்டுக்கான சொல் இல்லை.

செவ்வாய் மாலை. தமிழாசிரியர், தஞ்சாவூர்

குடிதண்ணீர் என்கிறோம். தண்ணீர் தானே குடிக்கிறது என்று எவரும் படிப்பதில்லை. எழுதுகோலும் தானாக எழுதுவதில்லை. மக்கள் வினைத்தொகையைப் பெயர் தெரியாமலே காலங்காலமாகச் சரியாகப் பேசி வருகிறார்கள். ஊறுகாய்க்கும் சுடுகாட்டுக்கும் யார் இலக்கணம் சொல்லிக்கொடுத்தார்கள்? மாணவிகளை நாம் குறைத்து மதிக்கிறோமோ என்று எனக்குக் கவலை.

செவ்வாய் இரவு. நூலகர், யாழ்ப்பாணம்

எல்லோருக்கும் வணக்கம். உலோக வளையத்துக்கு ஒருவரும் சொல் தரவில்லையே? உலக்கை நுனியில் பூட்டுகிற இரும்பு வளையம் பூண். கைத்தடிக்கும் பூண் உண்டு. தூரிகைக்கும் அதுவே. புதிதாக ஆக்கத் தேவையில்லை.

இன்னொன்று. எல்லோரும் "முடி" என்று எழுதுகிறீர்கள். முடி என்பது உச்சி, மகுடம், முடிச்சு. உடலில் முளைப்பது மயிர். நாங்கள் தலைமயிர் என்று சாதாரணமாகவே பாவிக்கிறோம். "மயிர்நீப்பின் வாழாக் கவரிமா" என்று குறளே சொல்லும்போது, ஒரு நல்ல சொல்லை வசைச்சொல்லாக விட்டுக்கொடுத்துவிட்டு, அதன் இடத்தில் இன்னொன்றை வைப்பது சரியா? கையேட்டில் ஆட்டுமயிர், அணில்மயிர் என்றே போடுங்கோ.

செவ்வாய் இரவு. ஆசிரியை, திருச்சி

பூண்! எங்கள் பாட்டி வீட்டு உலக்கை கண்ணுக்கு முன்னால் வந்தது. உடனே எழுதிக்கொண்டேன்.

மற்றதில் உங்கள் நியாயம் புரிகிறது ஐயா. ஆனால் 18 பெண்கள் முன்னால் நான் அந்தச் சொல்லைச் சொன்னால் அன்றைய வகுப்பு அத்தோடு முடிந்துவிடும். விலங்கினுடையதை முடி என்றும், செயற்கையானதை இழை என்றும் எழுதுகிறேன். வேறுபாடாவது தெளிவாக இருக்கும்.

புதன் காலை. நூலகர், யாழ்ப்பாணம்

இழை நல்லது. முடி பற்றிய என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கோ.

புதன் காலை. மொழிபெயர்ப்பாளர், சென்னை

ஐ ஷேடோவை யாரும் தொடவே இல்லை. "கண் நிழல்" என்று சில இடங்களில் பார்த்தேன், கண்ணுக்குக் கீழே விழுகிற கருவளையம் மாதிரி இருக்கிறது. இமைவண்ணம் என்று வைக்கலாமா? பொடி, கிரீம் இரண்டுக்கும் பொருந்தும்.

புதன் காலை. தமிழாசிரியர், தஞ்சாவூர்

பழந்தமிழில் நிழலுக்கு ஒளி என்ற பொருளும் உண்டு. மினுமினுப்பான பொடிக்கு அது நன்கு பொருந்தும். ஆனாலும் இமைவண்ணத்தை நான் தடுக்கவில்லை. நேரம் இல்லை என்று அறிவேன்.

புதன் மாலை. ஆசிரியை, திருச்சி

இன்று வகுப்பில் சொற்களைச் சோதித்துப் பார்த்தேன்.

முதலில் பிரஷ் தேர்வு. ஒவ்வொரு பிரஷ்ஷையும் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்து அழுத்தச் சொன்னேன். ஒற்றுதூரிகை வளையாமல் எதிர்த்து நின்றது. மற்றது பூ மாதிரி விரிந்து, எடுத்ததும் பழையபடி கூடியது. விரிந்தது கூடாமல் கலைந்தே நின்றால் வாங்காதே, பூணுக்குள் முடி ஆடினால் வாங்காதே, சின்னக் கண்ணுக்குப் பெரிய தலை வாங்காதே, நிறம் புருவம் வரை ஏறிவிடும் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம், "இமைவண்ணத்தை ஒற்றி வை. பொடி படாத கரைதூரிகையால், பஸ் வைப்பர் போல இமை மடிப்பில் ஓரத்தைக் கரை" என்று பலகையில் எழுதினேன். வாசித்துவிட்டு நேராக வேலையைத் தொடங்கினார்கள். சேறு கலக்கிய அதே பெண், காம்பின் கடைசியைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பெண்ணின் இமையில் மெதுவாக அசைத்தாள். மெரூன் எங்கே முடிகிறது, தங்கம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க நான் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. நோட்டுகளைத் திருப்பியபோது ஏழு பேர் கரைத்தூரிகை என்று த் போட்டிருந்தார்கள். சென்னை அக்கா சொன்னது நடந்தது. ஆனால் ஏழு பேருமே வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள்.

ஒருத்தி மட்டும், "நாங்க இதைப் பஞ்சு பிரஷ்னு சொல்லிக்கிறோம் மிஸ், போதாதா?" என்று கேட்டாள்.

புதன் மாலை. தமிழாசிரியர், தஞ்சாவூர்

அம்மா, அந்தப் பெண்ணைக் கேட்டதாகச் சொல்லுங்கள். துய் என்றால் பஞ்சுதான். பாதிரிப் பூவைப் பாடிய புலவர் கண்டதைத்தான் அவளும் கண்டிருக்கிறாள். பஞ்சுத்தூரிகை என்றே அச்சிடலாம். கரைதூரிகையை நானே விட்டுக்கொடுக்கிறேன்.

புதன் இரவு. ஆசிரியை, திருச்சி

ஐயா, எனக்கும் ஆசைதான். ஆனால் இமைவண்ண டப்பாவோடு ஸ்பாஞ்ச் தலை வைத்த குச்சி ஒன்று இலவசமாக வருகிறதே, அதையும் இங்கே பஞ்சு என்றுதான் சொல்கிறார்கள். ஓரம் கரைக்க அது உதவவே உதவாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வந்தால் பழையபடி குழப்பம்தான்.

அச்சுக்கு அனுப்பியது இது: இமைவண்ணம், ஒற்றுதூரிகை, கரைதூரிகை, கூர்முனைத் தூரிகை, சாய்முனைத் தூரிகை, பூண், முடி, இழை. கரைதூரிகை முதலில் வருகிற இடத்தில் மட்டும் "ஓரம் கரைக்கும் பிரஷ்" என்று பக்கத்தில் போட்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

வியாழன் அதிகாலை. மொழிபெயர்ப்பாளர், சென்னை

அந்த விளக்கத்தையே சொல்லாக வைத்திருக்கலாம் என்பதுதான் இப்போதும் என் கருத்து. அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

வியாழன் காலை. தமிழாசிரியர், தஞ்சாவூர்

துகிலிகையின் வேர் பற்றிய மடல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதிரிப் பூவை நேரில் பார்த்தவர்கள், அதன் மேற்புறம் எப்படி இருக்கும் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.