ரெக்கார்டு பிளேயருக்கு அடாப்டரைத் தூக்கிவிட்டு பேட்டரி வைத்தேன்: உங்கள் கருத்து?

வடசேரி ரெக்கார்டு:
அப்பா விட்டுச்சென்ற இசைத்தட்டுகளைக் கேட்க, பழைய பிளேயருக்குப் புது ஊசி போட்டு, சின்னதாக ஒரு பிரீஆம்ப் (ஊசியின் மெல்லிய சிக்னலை ஆம்பிளிஃபயருக்குப் போகும் முன் பெருக்கும் பெட்டி) வாங்கினேன். கூடவே 12 வோல்ட் அடாப்டர் ஒன்றும் வந்தது. ஊசி தட்டைத் தொடும் முன்பே ஸ்பீக்கரில் உறுமல். நாதஸ்வரம் மூச்சு வாங்கும் இடைவெளியெல்லாம் அந்த உறுமல்தான். போன வாரம் அடாப்டரைக் கழற்றி, யுபிஎஸ்ஸில் போடுகிற 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியை இணைத்தேன். உறுமல் அடங்கிவிட்டது. ஸ்பீக்கரில் காதை வைத்தாலும் தட்டின் சரசரப்பு மட்டுமே கேட்கிறது. அடுத்து ஆம்பிளிஃபயரையும் பேட்டரிக்கு மாற்றப்போகிறேன். பாட்டை மதிக்கிறவர்கள் அடாப்டரை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது.

தக்கலை ரிப்பேர்:
இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், தம்பி. இருபத்திரண்டு வருடமாக இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். உறுமுகிறது என்று வருகிற பெட்டிகளில் முதலில் எர்த்தைத்தான் பார்ப்பேன். இரண்டு முள் அடாப்டருக்குள் 230 வோல்ட் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் இடையே சிறு கெப்பாசிட்டர் ஒன்று உண்டு. அது வழியாகக் கசியும் மின்சாரம் மிகச் சொற்பம், ஆளைக் கொல்லாது. ஆனால் போக்கிடம் இல்லாததால் பிரீஆம்ப்பின் உடம்பில் ஏறி நிற்கும். புறங்கையை லேசாக உரசிப் பாருங்கள், சொரசொரப்பாக இருக்கும். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். அதுதான் கேபிள் வழியே ஆம்பிளிஃபயருக்குப் போய் உறுமுகிறது. பிரீஆம்ப்பின் பின்புறம் இருக்கும் எர்த் திருகிலிருந்து ஒரு வயரை வீட்டு எர்த்துக்குக் கொடுங்கள். பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒரு வயரில் தீருகிற காரியத்துக்கு பேட்டரி, சார்ஜர், பராமரிப்பு எல்லாம் வீண் செலவு.

வடசேரி ரெக்கார்டு:
அண்ணாச்சி, டெஸ்டர் எரிந்தது உண்மைதான். ஆனால் இது செல்போன் பாட்டு அல்ல. ஊசியிலிருந்து வருவது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட். அதைத்தான் பிரீஆம்ப் நூறு மடங்கு பெருக்குகிறது. தட்டு வெட்டும்போது கீழ் ஸ்தாயியைக் குறைத்துப் பதிவார்கள். பிரீஆம்ப் அதை மறுபடி தூக்கி நிறுத்தும். அதனால் 50 ஹெர்ட்ஸ் பக்கம் வரும் எதுவும் 1000 ஹெர்ட்ஸில் வருவதைவிட ஏழு மடங்கு பெரிதாகிறது. நம் கரண்டின் அதிர்வெண் அதே 50. வேறு கருவியில் காதில் விழாத கசிவு இங்கே கர்ஜிக்கிறது. பேட்டரிக்குச் சுவரோடு தொடர்பே இல்லையே.

முட்டம் அலை:
சுவரோடு தொடர்பு இல்லை என்பதன் அருமை எங்களுக்குத் தெரியும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்துப் போன பிறகு நாட்கணக்கில் கரண்ட் இல்லை. கடலுக்குப் போனவர்களைப் பற்றிய செய்திக்காக, 12 வோல்ட் பேட்டரியில் ஓடிய ஒரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அதனால் பேட்டரி வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் தம்பி, கடற்கரையில் முனையைத் துடைத்து வாசலின் பூசாவிட்டால் சில மாதங்களில் பச்சை பூத்துவிடும். தொட்டால் பொடியாக உதிரும். பிறகு அந்த இணைப்பே கரகரக்கும். பாட்டு சுத்தமாக இருக்காது. மூடிய அலமாரிக்குள் வைத்து சார்ஜ் போடவும் கூடாது, வாயு சேரும். நீங்கள் ஃபியூஸ் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. இந்தச் சின்ன பேட்டரியில் இரண்டு முனையும் முட்டினால் வயர் பழுத்துவிடும். எங்கள் வள்ளத்தில் ஒருமுறை கண் முன்னே பார்த்தேன். வயரின் மேலுறை மெழுகுபோல வழிந்தது.

குலசேகரம் ரப்பர்:
வீட்டு இன்வெர்ட்டரில் போட்டால் அதுவும் பேட்டரிதானே?

தக்கலை ரிப்பேர்:
இல்லை. அது பேட்டரியை மறுபடி 230 வோல்ட் ஆக்குகிறது. சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் டிரான்ஸ்பார்மரே கத்தும். இருப்பதைவிட மோசமாகும்.

வடசேரி தம்பிக்கு: 5 மில்லிவோல்ட் கணக்கு சரி, பிரீஆம்ப்பில் உங்களோடு பாதி தூரம் வருகிறேன். ஆம்பிளிஃபயரில் வரமாட்டேன். 12 வோல்ட்டில், 8 ஓம் ஸ்பீக்கரில், பிரிட்ஜ் முறையில் (ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் எதிரெதிராக இயக்குவது) அதிகபட்சம் 9 வாட். அதே சர்க்யூட்டுக்கு 24 வோல்ட் கொடுத்தால் 36. பேட்டரி 12.7-லிருந்து 11.5-க்கு இறங்கும்போது அந்த 9-லும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

வடசேரி ரெக்கார்டு:
நேற்று இரண்டையும் செய்து பார்த்தேன். எர்த் வயர் கொடுத்ததும் உறுமல் பெருமளவு போய்விட்டது. அண்ணாச்சி சொன்னது சரி. ஆனால் ஒலியை முக்கால்வாசி திருகி, தட்டு இல்லாமல் கேட்டால் மெல்லிய ரீங்காரம் மிச்சம். பேட்டரியில் அதுவும் இல்லை. ஆம்பிளிஃபயரை பேட்டரியில் ஓட்டியபோது தவில் உச்சத்துக்குப் போன இடத்தில் ஓசை பிளந்தது. அந்தப் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பிரீஆம்ப்பை மட்டும் விடமாட்டேன். அது 30 மில்லிஆம்பியர்தான் எடுக்கிறது. பாதி பேட்டரியிலேயே நூறு மணி நேரத்துக்கு மேல் கேட்கலாம்.

முட்டம் அலை:
நூறு மணி நேரம் ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஈய பேட்டரியைப் பாதியில் போட்டு வைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து செத்துவிடும். மாதம் ஒருமுறை முழுதாக ஏற்றிவிடுங்கள்.

தக்கலை ரிப்பேர்:
மிச்ச ரீங்காரம் அடாப்டர் உள்ளே மின்சாரத்தை வேகமாகத் துண்டித்து இணைக்கும் முறையால் வருவது. டிரான்ஸ்பார்மர், வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் வைத்து நான் கட்டிய பவர் சப்ளை ஒன்று கடையில் இருக்கிறது. கொண்டுபோங்கள். எது ஓடுகிறது என்று பார்க்காமல் கேட்டுச் சொல்லுங்கள்.

வடசேரி ரெக்கார்டு:
ஞாயிற்றுக்கிழமை மகள் கதவுக்குப் பின்னால் மாற்றி மாற்றிக் கொடுத்தாள். அடாப்டரா பேட்டரியா: பத்தும் சரியாகச் சொன்னேன். உங்கள் சப்ளையா பேட்டரியா: பத்தில் ஆறு.

தக்கலை ரிப்பேர்:
ஆறு, காசு சுண்டினாலே வரும். இப்போதாவது தெரிகிறதா, பிரச்சினை சுவரில் இல்லை, அந்த மலிவு அடாப்டரில்தான் என்று?

வடசேரி ரெக்கார்டு:
தெரிகிறது. ஆனாலும் பேட்டரி என்னிடம் இருக்கிறது. சப்ளையை நான் காசு கொடுத்து வாங்க வேண்டும். பேட்டரியோடு இருந்துகொள்கிறேன், அண்ணாச்சி.

முட்டம் அலை:
ஃபியூஸ்?

வடசேரி ரெக்கார்டு:
போட்டுவிட்டேன், அக்கா. 1 ஆம்பியர், பாசிட்டிவ் முனையை ஒட்டியே.