மேல்காட்டுச் சொந்தங்கள்: வாட்ஸ்அப் குழு

சனிக்கிழமை

அரூர் மாமா, இரவு 7:42
எல்லாருக்கும் ஒரு சேதி. திங்கக்கிழமை போர்வெல் வண்டி வருது. கிழக்கு மூலையில ரெண்டாவது போர் போடறோம். இருக்கற தண்ணி ஒன்றரை ஏக்கர் தக்காளிக்குப் பத்தல. கடைசிப் பக்கம் செடியெல்லாம் வதங்குது.

காரிமங்கலம் சித்தி, இரவு 7:45
அண்ணா, போன வருஷம்தானே மானியத்துல சொட்டுநீர் டிரிப் போட்டீங்க? அப்படியுமா பத்தல?

அரூர் மாமா, இரவு 7:51
பாதிக் காட்டுப் பைப்பைச் சுருட்டி மாட்டுக் கொட்டாய்ல தொங்க விட்டு ரெண்டு மாசம் ஆச்சும்மா. அங்க வாய்க்கால்லதான் பாய்ச்சறேன். மீதிப் பாதி அப்படியே கிடக்குது, அதுலயும் ஒழுங்கா சொட்டல. பைப் போட வந்தவங்க ஒரே நாள்ல போட்டாங்க, போட்டோ எடுத்தாங்க, கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. எப்பக் கழுவணும், எந்த உரம் விடணும்னு ஒரு வார்த்தை சொல்லல.

நான், இரவு 7:53
மாமா, அதுல என்ன உரம் விட்டீங்க?

அரூர் மாமா, இரவு 7:54
டிஏபி. ராத்திரி ஊற வெச்சு, காலையில துணியில வடிகட்டித்தான் விட்டேன்.

நான், இரவு 8:02
அங்கதான் மாமா சிக்கல். கடையில விக்கற டிஏபி முழுசா கரையாது. துணியில நிக்காத நைசான மண்டி நேராப் போய், பைப்புல தண்ணி சொட்டற டிரிப்பருக்குள்ள உக்காந்துக்கும். நானும் மொத வருஷம் இதையேதான் பண்ணி ரெண்டு வரிசை பைப்பை இழந்தேன். அதோட உங்க போர்த் தண்ணி உப்புத் தண்ணி. அண்டாவுல வெள்ளையா படியுதே, அதுவேதான் ஓட்டையிலயும் படியுது.

நாளைக்குக் காலையில ஒண்ணு பண்ணுங்க. மோட்டார் போட்டு அழுத்தம் சரியா வந்ததும் மொத செடிகிட்ட ஒரு லிட்டர் டப்பா, கடைசி செடிகிட்ட ஒரு லிட்டர் டப்பா. சின்னதா குழி பறிச்சு, சொட்டு நேரா டப்பாவுல விழற மாதிரி வைங்க. உங்களுது மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர். 15 நிமிஷத்துல ரெண்டு டப்பாவும் நிறையணும்.

பெரியப்பா, இரவு 8:31
மாப்ள, போரை நிறுத்தி வை. நான் சொல்றதைக் கேளு.

2004-ல எனக்கும் இதே கதிதான். மழை பொய்ச்சு வருஷக்கணக்காச்சு, கிணத்துல பாறை தெரியுது. அப்பத்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்காரங்க துல்லியப் பண்ணையத் திட்டம்னு நம்ம பக்கம் வந்தாங்க. சொட்டுநீர் போட 75,000 ரூபாய், சாகுபடிச் செலவுக்கு 40,000 ரூபாய். முழுக்க மானியம். அப்படியும் பேர் குடுக்க ஆளில்ல. காஞ்ச காட்டுல இது எதுக்குன்னு நானும் விட்டுட்டேன்.

மொத வருஷம் 100 பேர், 250 ஏக்கர். அதுல ஒருத்தர் காடு நான் சந்தைக்குப் போற வழியில. உளிக்கலப்பை விட்டு அடிமண் இறுக்கத்தை உடைச்சிருந்தார். நிழல்வலைக்குள்ள குழித்தட்டுல வளர்த்த நாத்து. தினம் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பேன். ஒரு நாள் அவரே உள்ள கூப்பிட்டு, காய்ச்சு நின்ன தக்காளிச் செடி ஒண்ணைப் புடுங்கிக் கையில குடுத்தார். வேர் வெள்ளையா, சல்லி சல்லியா, முழங்கை நீளம். அன்னைக்கே வீட்டுக்கு வந்து என் செடியையும் புடுங்கிப் பார்த்தேன். விரல் நீளம்தான்.

மறு வருஷம் மானியம் 90 சதவீதமாக் குறைஞ்சுது. நானே தேடிப் போய்ப் பேர் குடுத்தேன். அடுத்த வருஷம் 80 சதவீதம்தான், அதுக்கும் போட்டி. மானியம் குறையக் குறைய ஆள் கூடுச்சுன்னா, எல்லாரும் யாரோ ஒருத்தர் காட்டைக் கண்ணால பார்த்திருந்ததுதான் காரணம். மொத பயிர் முடியற வரைக்கும் விஞ்ஞானிங்க கூடவே நின்னு சொல்லிக் குடுத்தாங்க. சங்கம் வெச்சோம், கூடி உக்காந்து பேசினோம். இப்ப உனக்குப் பைப் வந்துச்சு, சொல்லிக் குடுக்க ஆள் வரல. அந்த வேலையை நாமதான் பண்ணணும்.

ஓசூர் தம்பி, இரவு 8:40
பெரியப்பா, இதை இத்தனை வருஷமா எங்ககிட்டச் சொன்னதே இல்லையே 🙏
அக்கா, மண்ணுல ஈரம் எவ்வளவுன்னு போன்லயே காட்டற சென்சார் வருதே, மாமா காட்டுக்கு ஒண்ணு வாங்கலாமா? நான் பணம் போடறேன்.

நான், இரவு 8:47
வாங்கலாம்டா, தேவைதான். மாமா காட்டுல மேல்பக்கம் செம்மண், கீழ்ப்பக்கம் களி. ரெண்டுக்கும் ஒரே அளவு நேரம் தண்ணி விடறது தப்புன்னு அது காட்டிக் குடுக்கும். ஆனா இப்ப வெச்சா கடைசிப் பக்கம் ஈரமில்லைன்னு மட்டும்தான் சொல்லும், அது மாமாவுக்கே தெரியும். மொதல்ல அடைப்பை எடுப்போம். அப்புறம் நம்ம நாலு வீடும் சேர்ந்து ஒண்ணு வாங்கி மாத்தி மாத்தி வெச்சுப் பார்க்கலாம்.

காரிமங்கலம் சித்தி, இரவு 8:52
எனக்கு மிளகாய்க்குப் போடணும். எங்களுக்கும் மானியம் உண்டா?

நான், இரவு 8:55
உண்டு சித்தி. உங்களுது 5 ஏக்கருக்குள்ளதானே, சிறு விவசாயிச் சான்று இருந்தா 100 சதவீதம். மத்தவங்களுக்கு 75. சான்று தாசில்தார் ஆபீஸ்ல. சிட்டா, அடங்கல், ஆதார் எடுத்து வைங்க. ஆனா போடற அன்னைக்கு என்னைக் கூப்பிடுங்க, நான் கூட நிக்கறேன்.

ஞாயிற்றுக்கிழமை

அரூர் மாமா, காலை 7:20
வெச்சுப் பார்த்துட்டேன். மொத டப்பா நிறைஞ்சு வழியுது. கடைசி டப்பாவுல ரெண்டு விரக்கடை தண்ணி.

அரூர் மாமா, காலை 7:41
ஃபில்டரையும் திறந்தேன். உள்ள கருப்பா வழவழன்னு அப்பிக் கிடக்குது. பைப் கடைசியில எட்டு மாதிரி மாட்டியிருக்கறதைக் கழட்டி விட்டேன். அரை நிமிஷம் டீ நிறத்துல வந்துது, அப்புறம்தான் தெளிஞ்சுது. இத்தனை நாள் இதைத் திறக்கலாம்னே எனக்குத் தெரியாது கண்ணு.

நான், காலை 7:50
வாரம் ஒரு தடவை ரெண்டையும் இப்படிக் கழுவுங்க மாமா. இனிமே நீர்ல கரையற உரம் மட்டும் விடுங்க: 19:19:19, பூ எடுத்ததும் 13:0:45 (மூணு எண்ணும் தழை, மணி, சாம்பல் சத்து அளவு). மொதல்ல வெறும் தண்ணி, நடுவுல உரம், கடைசியா மறுபடி வெறும் தண்ணி. கால்சியம் நைட்ரேட்டை வேற எந்த உரத்தோடயும் ஒரே வாளியில கலக்காதீங்க, வெள்ளையா திரிஞ்சு மறுபடி அடைச்சுக்கும்.

உப்புப் படிவுக்கு ஆசிட் விடணும். அதை மட்டும் தனியா பண்ணாதீங்க. தண்ணியிலதான் ஆசிட்டை ஊத்தணும், ஆசிட்ல தண்ணி ஊத்தக் கூடாது. அளவு பார்த்து நானே வந்து விடறேன்.

அரூர் மாமா, காலை 8:15
போர் வண்டிக்காரருக்குப் போன் பண்ணி வேண்டாம்னுட்டேன். எங்க ஊர்ல இன்னும் நாலு பேர் இதே மாதிரி சுருட்டிப் போட்டிருக்காங்க. உன் காட்டைப் பார்க்கக் கூட்டிட்டு வரட்டுமா?

நான், காலை 8:16
கண்டிப்பா வாங்க மாமா. புதன்கிழமை உரம் விடற நாள், அன்னைக்கே வந்தா எல்லாத்தையும் நேர்ல பார்க்கலாம். அடைச்ச பைப்புல ஒரு முழம் வெட்டி எடுத்துட்டு வாங்க. அறுத்து உள்ள பார்ப்போம்.

பெரியப்பா, காலை 8:22
நானும் மண்வெட்டியோட வந்துடறேன். ஒரு செடி வேரோட எடுத்துக் காட்டணும்.

காரிமங்கலம் சித்தி, காலை 8:24
நானும் வரேன். எத்தனை பேருக்குச் சோறு?