நீள்வட்ட மேசைக்குக் கடைசி வரிசை கிடையாது: சிறிய கல்லூரியில் படித்தவர்கள் சொல்லுங்கள்

செந்தூலிலிருந்து

என் தங்கை பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம் முடித்துவிட்டாள். கோலாலம்பூரில் இரண்டு ஆண்டு, பிறகு அமெரிக்காவில் ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் (ஒரே துறை என்றில்லாமல் கலை, அறிவியல் எல்லாம் கலந்து படிக்கும் இடமாம்) இரண்டு ஆண்டு என்று திட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அப்பாவுக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. "ஆர்ட்ஸ் என்றால் படம் வரைவதா?" என்கிறார். எங்கள் குடும்பத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. இங்கேயோ அங்கேயோ, இப்படிப்பட்ட சிறிய தனியார் கல்லூரியில் படித்தவர்கள் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். விளம்பரத் தாளில் இருப்பதை நாங்களே படித்துக்கொள்வோம்.

பட்டர்வொர்த்திலிருந்து

உங்கள் தங்கை போக நினைக்கும் அதே பாதையில் போனவன் நான். அப்பா பிறையில் லாரி ஓட்டினார். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, புகுமுக வகுப்பு, இடைநிலைப்பள்ளி. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் கடைசி வரிசை என் சொத்து. வாயைத் திறக்காமல் இருந்தால் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கலாம், நான் வாங்கியிருந்தேன். கோலாலம்பூரில் இரண்டு ஆண்டும் அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன்.

இடம் கிடைத்ததும் அம்மாவிடம் சொன்னேன்: "அயோவா மாநிலம்." அம்மா இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "பெயரிலேயே ஐயோ இருக்கிறதே" என்றார். போய் இறங்கிய அன்று சுற்றிலும் சோளக்காடு. அம்மா சொன்னது சரியோ என்று தோன்றியது.

முதல் வகுப்பில் ஒரு நீள்வட்ட மேசை. அதைச் சுற்றிப் பன்னிரண்டு நாற்காலிகள். நுழைந்தவுடன் என் கண் வழக்கம்போல் கடைசி வரிசையைத் தேடியது. நீள்வட்ட மேசைக்குக் கடைசி வரிசை கிடையாது. எங்கே உட்கார்ந்தாலும் பதினொரு பேர் முகம் தெரிகிறது, அவர்களுக்கு என் முகம் தெரிகிறது. மூன்று வாரம் ஒரு சொல் பேசவில்லை. வராமல் இருந்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. ஒரு நாள் காய்ச்சலில் படுத்திருந்தேன். மாலைக்குள் பேராசிரியரிடமிருந்து என்ன ஆயிற்று என்று மின்னஞ்சல் வந்துவிட்டது.

சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுக் கழுவும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவர் விசாவில் இருப்பவர்கள் படிப்பு நடக்கும் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஒரு நாள் அந்தப் பேராசிரியர் தன் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டார்: "உன் கட்டுரையைப் படித்தேன். சொல்வதற்கு உன்னிடம் நிறைய இருக்கிறது. அதை ஏன் மற்ற பதினொரு பேருக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறாய்?" மௌனத்தை அடக்கம் என்று நினைத்திருந்தவனுக்கு அது கஞ்சத்தனமாகவும் தெரியக்கூடும் என்று அன்றுவரை உறைக்கவில்லை. அடுத்த வகுப்பில் ஒரே ஒரு வாக்கியம் பேசினேன். எதிரில் இருந்த பெண் உடனே, "இது தவறு" என்றாள். காது சூடாகிவிட்டது. ஆனால் அவள் ஏன் தவறு என்று விளக்கினாள், நான் மறுபடி பேசவேண்டியதாயிற்று, மணி அடிக்கும்போது இருவரும் பாதிப் பாதி மாறியிருந்தோம். வெளியே வந்ததும் அவள் காபி குடிக்கக் கூப்பிட்டாள். சண்டை அங்கேயே முடிந்துவிட்டது போலிருக்கிறது. எனக்குத்தான் ஒரு வாரம் ஆயிற்று.

ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். என்னால் முடியவில்லை. ஓர் அம்மையாரைப் பழக்க தோஷத்தில் "சார்" என்று கூப்பிட்டுவிட்டு, அதன்பின் அந்தப் பருவம் முழுக்க யாரையும் எப்படியும் அழைக்காமல் தொண்டையைச் செருமியே சமாளித்தேன்.

ஒன்றை மறக்காமல் எழுதவேண்டும். பட்டத்துக்கு ஓர் அந்நிய மொழி கட்டாயம் என்றார்கள். என் எஸ்.பி.எம் சான்றிதழில் தமிழும் தமிழ் இலக்கியமும் இருந்தன. மொழிபெயர்த்துக் கொடுத்தேன், விலக்கு அளித்தார்கள். எஸ்.பி.எம் பாடங்களுக்குப் பத்து என்று வரம்பு கட்டி, பிறகு கூடுதலாக இரண்டு எடுக்கலாம் என்று 10+2 ஆகத் தளர்த்திய காலத்தில், "அந்த இரண்டையும் எடுத்து என்ன கிழிக்கப் போகிறாய்" என்று கேட்ட உறவினர் ஒருவர் உண்டு. எனக்கு அது ஒரு பருவத்துக் கட்டணத்தில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தியது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலில் பார்த்தால் சொல்வேன்.

கசப்பும் உண்டு. சிறிய இடம் என்றால் ஒருவரோடு மனஸ்தாபம் வந்தால் ஒளிய இடமில்லை. அவனையே மூன்று வேளையும் அதே சாப்பாட்டுக் கூடத்தில் பார்க்கவேண்டும். தீபாவளிக் காலை அம்மா தலைக்கு எண்ணெய் வைக்கும் நேரத்தில் எனக்கு முந்தைய நாள் மாலை. குளித்துவிட்டுத் தட்டுக் கழுவப் போனேன். எல்லாவற்றையும்விட, குளிர்கால விடுமுறையில் விடுதியைப் பூட்டிவிடுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. டிசம்பரில், பனி கொட்டும்போது, பெட்டியோடு நின்றேன். சாப்பாட்டுக் கூடத்துச் சமையற்கார அம்மா தன் வீட்டின் நிலவறையில் ஒரு கட்டில் கொடுத்தார். மூன்று வாரம் அங்கே இருந்தேன். ஒரு நாள் ரசம் வைத்தேன். மூக்கில் நீர் வழிய இரண்டு குவளை குடித்துவிட்டு, சளிக்கு மருந்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன், பொய்யில்லையே.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து

என்னுடையது இங்கேயே. கோலாலம்பூரில் கடை வரிசை ஒன்றின் இரண்டாம், மூன்றாம் மாடியில் இயங்கிய கல்லூரி, பெயர் வேண்டாம். என் பிரிவில் மொத்தம் பதினாறு பேர். நூலகம் என்று காட்டிய அறையில் நான்கு அலமாரிகள். இரண்டாம் ஆண்டில் பாதி விரிவுரையாளர்கள் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆகவே யாராக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் அந்தக் குறிப்பிட்ட படிப்பு அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியலான மலேசியத் தகுதிகள் பதிவேட்டில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். கல்லூரிக்கு உரிமம் இருப்பது வேறு, படிப்புக்கு அங்கீகாரம் இருப்பது வேறு. அங்கீகாரம் இல்லையென்றால் அரசின் பி.டி.பி.டி.என் கல்விக் கடனும் கிடைக்காது.

ஆனாலும் அந்தக் கல்லூரியை முழுக்கத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வரலாற்று விரிவுரையாளர் ஒரு சீனர், வயதானவர். பதினாறு பேர்தானே, வகுப்பையே தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஒரு சனிக்கிழமை லெபோ அம்பாங்கில் ஒரு பழைய கடைவீட்டின் முன்னால் நிறுத்தி, "இங்கே தரையில் சாய்வுப் பெட்டி வைத்து உட்கார்ந்து வட்டித் தொழில் நடத்தியவர்கள் யார்?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. "செட்டியார்கள். உங்கள் ஆட்கள்" என்றார்.

வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்டால், தாத்தா அதே தெருவில் ஒரு கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கடையில், கணக்கெழுதியிருக்கிறார்! இருபது ஆண்டாக ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்டதில்லை, பாட்டியும் சொன்னதில்லை. என் இறுதிக் கட்டுரையை அந்தக் கிட்டங்கியைப் பற்றித்தான் எழுதினேன். பாட்டி சொல்லச் சொல்ல எழுதியதில் பாதிக்கு மேல் வட்டிக் கணக்குச் சொற்கள். அவற்றை ஆங்கிலத்தில் கொண்டுவரப் பட்ட பாடு தனிக் கதை. நூறு பேர் உட்காரும் விரிவுரைக் கூடம் என்றால் அந்த விரிவுரையாளர் என்னை நிறுத்திக் கேட்டிருப்பாரா?

ஜார்ஜ்டவுனிலிருந்து

நான் படித்தவன் இல்லை, பிள்ளையைப் படிக்க வைத்தவன். பையன் தத்துவமும் கணினியும் சேர்த்துப் படிக்கிறான், அப்படி இரண்டு எடுக்கலாமாம். யாராவது என்ன படிக்கிறான் என்று கேட்டால் முதல் மூன்று ஆண்டு "கணினி" என்று மட்டும் சொல்லி வந்தேன். இப்போது இரண்டையும் சொல்கிறேன். விடுமுறையில் வந்தால் சாப்பிடும்போதும் கேள்வி கேட்கிறான், அதுதான் தொல்லை.

செந்தூலிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. பட்டர்வொர்த் அண்ணன், செலவைப் பற்றிச் சொல்லவே இல்லையே?

பட்டர்வொர்த்திலிருந்து

வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன். விலைப்பட்டியலில் இருக்கும் தொகையைப் பார்த்தால் அப்பா மயங்கி விழுவார். ஆனால் அதை முழுதாகக் கட்டுகிறவர்கள் குறைவு. குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருவார்கள், கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கெண்டக்கியில் பெரியா என்று ஒரு கல்லூரி, 1855-இல் தொடங்கியது. அங்கே கல்விக் கட்டணமே கிடையாது. பதிலுக்கு ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் வேலை செய்யவேண்டும். வெளிநாட்டவர்களையும் எடுக்கிறார்கள், ஆனால் இடங்கள் மிகக் குறைவு. ஆம்ஹெர்ஸ்ட் போன்ற சில கல்லூரிகளில், உதவி கேட்கிறோம் என்பதற்காக வெளிநாட்டு மாணவரை ஒதுக்குவதில்லை. உள்ளே நுழைவதுதான் கடினம்.

இடமாற்றத்தில் போகிறவர்கள் ஒன்று கவனிக்கவேண்டும். உதவித்தொகையில் பெரும்பகுதி முதலாண்டில் சேர்பவர்களுக்கே போய்விடும். பட்டத்துக்கான கிரெடிட்டில் (பாடங்களை முடித்தால் சேரும் புள்ளிகள்) பாதியையாவது தங்களிடமே முடிக்கவேண்டும் என்று பல கல்லூரிகள் விதி வைத்திருக்கின்றன. கோலாலம்பூரில் எந்தப் பாடம் எடுத்தால் அங்கே ஏற்பார்கள் என்பதை முதல் பருவத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் பாடங்களில் இரண்டை ஏற்கவில்லை. கோலாலம்பூரில் இருக்கும் மாசீ (MACEE, மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம்) அலுவலகத்தில் அமெரிக்கப் படிப்புக்கு ஆலோசனை தருகிறார்கள். ஏஜெண்டிடம் போவதற்கு முன் அங்கே தங்கையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

செந்தூலிலிருந்து

கூட்டிக்கொண்டு போகிறேன். தங்கை ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறாள்: விடுதியை எந்தத் தேதியில் பூட்டுவார்கள் என்று எங்கே பார்ப்பது?

பட்டர்வொர்த்திலிருந்து

கல்லூரி நாட்காட்டியில் இருக்கும். முதல் நாளே எல்லோருக்கும் ஒன்று கொடுத்தார்கள். என்னுடையதைச் சுவரில் மாட்டி வைத்திருந்தேன், படம் அழகாக இருந்தது என்று.